கேரளாக்காரன் சோம்பேறி, தமிழன் உழைப்பாளி: இது எந்தக் கணக்கு?

8 செப்டம்பர் 2024, காலை (கேள்வி)

ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் போர்ல தோத்து தரைமட்டமான பிறகு ராப்பகலா உழைச்சு மேலே வந்தாங்க. நமக்கு லீவு, பண்டிகை, டீ. அதுலயும் கேரளா ரொம்ப மோசம். கொடி பிடிக்கவும் ஹர்த்தால் நடத்தவுமே அவங்களுக்கு நேரம் சரியா இருக்கு. நம்ம கம்பம், போடி ஆளுங்க மலை ஏறலைன்னா கேரளா இடுக்கியில ஒரு ஏலக்காய் உலர்த்துற ஸ்டோருக்குப் போய்ச் சேராது. உழைப்பு ரத்தத்துலயே இருக்கணும்னு நான் சொல்றேன். மறுப்பு இருந்தா எழுதுங்க.

8 செப்டம்பர், இரவு

மறுப்பு இருக்கிறது தம்பி. ரத்தத்தை விடுங்கள், நேரத்தைப் பார்ப்போம்.

கம்பத்திலிருந்து காய் எடுக்கப் போகும் பெண் விடியற்காலை நாலு, நாலரைக்கு எழுந்து சமைத்து, தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு ஆறு மணிக்கு ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலை ஏறி, ஜீப் போகாத இடத்தில் இறங்கி நடந்து, இடுப்பில் சாக்கைக் கட்டி முதல் செடியில் கை வைக்கும்போது எட்டு மணி ஆகிவிடும். மூன்று, மூன்றரைக்கு எடை. வீடு வந்து சேர ஐந்தரை, ஆறு. வீட்டை விட்டு வெளியே இருப்பது பன்னிரண்டு மணி நேரம். அதில் கூலிக்கு எண்ணப்படுவது ஏழு, ஏழரை.

தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள மலையாளி எட்டுக்கு வருகிறார், எடை போட்டதும் போகிறார். செடியடியில் இருவரும் நின்றது ஒரே நேரம்தான். ஆனால் ஒருவர் இருட்டில் ஜீப்பில் வந்து இருட்டும் வேளையில் திரும்புவதால் உழைப்பாளி. இன்னொருவர் வெயில் வந்தபின் வந்து வெயில் இருக்கும்போதே போவதால் சோம்பேறி. ஊர் பேசுவது வேலையைப் பற்றி அல்ல, பயணத்தைப் பற்றி.

இன்னொன்று, கூலி. ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் போடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில் 2022-23க்குக் கிராமப்புறக் கட்டட வேலைக்கான சராசரி நாள்கூலி கேரளாவில் 852 ரூபாய், தமிழ்நாட்டில் 500, இந்தியா முழுக்க 393. கட்டட வேலையில் 850 கிடைக்கிற ஊர்க்காரர், அதைவிடக் குறைந்த கூலிக்கு முதுகை வளைத்துக் காய் எடுக்க வரமாட்டார். நம்மவர் மலை ஏறுவதும் அதே கணக்கில்தான். கீழே கிடைப்பதைவிட மேலே அதிகம் கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் கூட்டல் கழித்தல் தெரியும், அவ்வளவே.

9 செப்டம்பர், காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லாத் தோட்டத்திலும் நாள்கூலி என்ற மாதிரி எழுதிவிட்டேன். அப்படியில்லை. காய் நெருக்கிப் பிடித்திருக்கும் எடுப்புகளில் (பறிப்புச் சுற்றுகளில்) கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுகிற தோட்டங்கள் உண்டு. நாள்கூலியோடு குறிப்பிட்ட கிலோவுக்கு மேல் எடுத்தால் கூடுதல் காசு கொடுப்பதும் உண்டு. இந்த விவாதத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல, ஏனென்றால் 'வேகம்' என்று நாம் பாராட்டுவது பாதி நேரம் இந்தக் கூலி முறையின் விளைவு.

9 செப்டம்பர், மாலை

"கிலோக் கூலி கொடுத்தால் எல்லாரும் உழைப்பார்கள், உற்பத்தி தானாகக் கூடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏலக்காய்த் தோட்டத்தில் அது நடக்காது. விளக்கமாகவே சொல்கிறேன்.

ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும். ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, இளங்காய், கரிங்காய், பழுக்காய் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். எடுக்க வேண்டியது கரிங்காயும் பழுக்காயும் மட்டும். கரிங்காய் என்பது தோல் பச்சையாகவே இருந்து உள்ளே விதை கறுத்துவிட்ட பருவம். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பிளந்து பார்ப்பார்கள். விதை வெள்ளையாக இருந்தால் அந்தப் பருமனுள்ள காயை விட்டுவிட வேண்டும். இப்படி 40, 45 நாளுக்கு ஒருமுறை சுற்றி வந்து, பருவத்துக்கு ஐந்தாறு எடுப்பு.

இப்போது கணக்கு. ஒருவர் பார்த்துப் பார்த்து 15 கிலோ பச்சைக்காய் எடுக்கிறார் என்று வையுங்கள். முற்றிய காய் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ உலரும். ஆக 3 கிலோ. இன்னொருவர் கிலோக் கூலிக்காகச் சரத்தை உருவி 20 கிலோ எடுக்கிறார். இளங்காய் கலந்தால் ஆறரை கிலோ போட்டால்தான் ஒரு கிலோ கிடைக்கும். 20 கிலோவுக்கு 3 கிலோவும் கொஞ்சமும். எடைச்சீட்டில் ஐந்து கிலோ கூடுதல், ஸ்டோரிலிருந்து வெளியே வரும்போது ஏறக்குறைய ஒன்றும் கூடவில்லை. அதோடு இளங்காய் சுருங்கிப்போகும். 8 மில்லிமீட்டர் சல்லடைக்கு மேலே நிற்கிற பெரிய காய்க்குத்தான் புத்தடியிலும் போடியிலும் நடக்கும் ஏலத்தில் நல்ல விலை. சுருங்கிய காய் சல்லடையில் கீழே விழுந்துவிடும்.

அதோடும் முடியவில்லை. உருவும்போது சரம் ஒடியும். ஒடிந்த சரத்தில் மீதியிருக்கும் பூவும் பிஞ்சும் போச்சு. அடுத்த எடுப்பில் வர வேண்டிய காயை இன்றைக்கே பிஞ்சில் பறித்தாயிற்று. அனுபவமுள்ள கங்காணி இதனால்தான் எடையை மட்டும் பார்ப்பதில்லை. கையைச் சாக்குக்குள் விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார்.

மெதுவாக எடுப்பவர் சோம்பேறி என்று வரப்பில் நின்று சொல்பவர், உலர்ந்த காயின் எடையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

10 செப்டம்பர்

ஸ்டோர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 45லிருந்து 55 டிகிரிக்குள் சூடு, ஒரு முழு நாளுக்கு முன்பின். ஈரப்பதம் 10 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் ஈரக்காற்றை வெளியேற்றாமல் சூட்டை மட்டும் ஏற்றினால் காய் வாய் பிளக்கும், பச்சை நிறம் மங்கும். "சீக்கிரம் முடி" என்று அவசரப்படுத்தி இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்து, நிறத்தில் விலையைத் தோற்பதும் நடக்கிறது. ஸ்டோர் பார்ப்பவர் ராத்திரி முழுக்க அடுப்பருகே உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவருக்குச் சும்மா உட்கார்ந்த மாதிரிதான் தெரியும்.

11 செப்டம்பர்

ஜெர்மன்காரர்கள் கதைக்கு வருகிறேன்.

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் நாடுகளில் ஒரு தொழிலாளி ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்ற பட்டியல் இருக்கிறது. 2023இல் ஜெர்மனி சுமார் 1,340 மணி. பட்டியலின் அடிமட்டம் அதுதான். 'சோம்பேறிகள்' என்று ஐரோப்பா முழுக்கத் திட்டு வாங்கிய கிரீஸ் 1,900க்குப் பக்கம். ஜப்பான் 1,610, அமெரிக்கா 1,800, மெக்சிகோ 2,200.

2011 மே மாதம், கிரீஸ் கடனில் தத்தளித்த நேரத்தில், ஜெர்மன் அதிபர் ஏங்கலா மெர்கல் ஒரு கூட்டத்தில் கிரீஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் மக்கள் ஜெர்மானியர்களைவிட முன்னதாக ஓய்வு பெறக் கூடாது, ஒருவருக்கு நிறைய விடுமுறை இன்னொருவருக்குக் கொஞ்சம் என்பது சரிவராது என்ற பொருளில் பேசினார். மணிக்கணக்கைப் பார்த்தால் அந்தப் பேச்சு தலைகீழ். ஜெர்மனியில் சட்டப்படியே வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு 24 நாள் சம்பளத்துடன் விடுப்பு குறைந்தபட்ச உரிமை. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்களில் அதற்கு மேலேயே கிடைக்கும்.

11 செப்டம்பர், இரவு

மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, ஜெர்மன்காரனும் சோம்பேறி" என்று ஒருவர் கிளம்பிவிட்டார். அவசரப்பட்டு எழுதியது என் தவறு. அந்த 1,340 முழுநேரம், பகுதிநேரம் எல்லாம் சேர்ந்த சராசரி. ஜெர்மனியில் பகுதிநேர வேலை செய்பவர்கள் அதிகம், பெரும்பாலும் பெண்கள். கிரீஸில் சொந்தக் கடை, சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் அதிகம். அவர்கள் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும். ஆகவே இந்தப் பட்டியலை வைத்து யார் உழைப்பாளி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. யாரையும் சோம்பேறி என்று சொல்லவும் முடியாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மதிப்பு உருவாகிறது என்பது கையிலிருக்கும் கருவி, பயிற்சி, மின்சாரம், சாலை இவற்றைப் பொறுத்தது. கம்பத்துப் பெண்ணையும் ஒரு ஜெர்மன் ஆலைத் தொழிலாளியையும் இடம் மாற்றி நிறுத்தினால் இரண்டு எண்களும் இடம் மாறிக்கொள்ளும்.

13 செப்டம்பர்

"ஜப்பான்காரனுக்கு நேரம் தவறாமை பிறவிக்குணம்." இதற்கு ஒரு பழைய செய்தி. 1850களின் கடைசியில் நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுக்க வந்த டச்சு அதிகாரி கட்டெண்டைக்கே, ஜப்பானியர்கள் எதற்கும் தாமதம் என்று நொந்து எழுதி வைத்திருக்கிறார். சொன்ன நேரத்துக்குப் பொருள் வராது, ஆளும் வராது.

காரணம் சோம்பல் இல்லை. அப்போது அங்கே பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்தார்கள். கோடையில் பகல் பொழுதின் பங்கு நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். நம் நாழிகை 24 நிமிடம் என்று நிலையாக நிற்கும், அவர்களுடைய மணி அப்படி நிற்காது. 1873 ஜனவரி 1 முதல்தான் இன்றைய காலண்டரும் 24 மணி நேரக் கணக்கும். பிறகு ரயில், பள்ளி மணி, ஆலைச் சங்கு. ஒரே தலைமுறையில் 'பிறவிக்குணம்' மாறிவிட்டது.

அதே ஜப்பானில் இப்போது சிக்கல் வேறு. இருக்கும் விடுப்பையே எடுப்பதில்லை. 2019 ஏப்ரல் முதல், பத்து நாளோ அதற்கு மேலோ விடுப்பு உள்ளவர்கள் வருடத்துக்கு ஐந்து நாளாவது எடுக்கும்படி முதலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

13 செப்டம்பர், பின்குறிப்பு

போருக்குப் பின்பு என்ற வாதம் விட்டுப்போயிற்று. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் என்று சொன்னபோதும் ஜெர்மனி, ஜப்பானைத்தான் காட்டினார். 1950களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் நீண்ட நேரம் வேலை செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் 1953 லண்டன் ஒப்பந்தத்தில் அவர்களுடைய வெளிக்கடனில் ஏறக்குறைய பாதி தள்ளுபடி ஆனதும் உண்மை. 1956 மே நாளில் "சனிக்கிழமை அப்பா எனக்குத்தான்" என்று குழந்தை சொல்வது போலச் சுவரொட்டி போட்டு ஐந்து நாள் வாரம் கேட்டார்கள். 1967இல் உலோகத் தொழிலில் 40 மணி நேர வாரம் வந்துவிட்டது. நாடு வளர வளர நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். நம்மிடம் எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது முதல் பாதி மட்டும் வந்து சேர்கிறது.

15 செப்டம்பர், திருவோணம்

இன்றைக்கு மேலே தோட்டமெல்லாம் மூடல். கீழே ஜீப் இல்லை. "பார், ஓணத்துக்கு எத்தனை நாள் லீவு" என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் மலை ஏறாத நாட்களை அங்கே உள்ளவர்களும் இதே வார்த்தையில்தான் பேசுகிறார்கள்.

விடுப்பை 2024இல் நடப்பில் இருந்த சட்டப்படி பார்ப்போம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பெரியவர்களுக்கு வாரம் 48 மணி நேரம்தான் உச்சம். வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. 180 நாள் வேலை என்றால் 9 நாள். 30 நாள் வரை சேர்த்து வைக்கலாம்.

எங்கே பிசகுகிறது? அந்தச் சட்டம் 5 ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்பும், 15 பேரோ அதற்கு மேலோ வேலையாட்களும் உள்ள தோட்டத்துக்குத்தான். 5 ஹெக்டேர் என்றால் 12 ஏக்கர் சொச்சம். உடும்பன்சோலைப் பக்கம் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்களே ஏராளம். அங்கே அந்தச் சட்டம் எட்டவில்லை. இரண்டாவது, ஜீப்பில் போகிறவர் இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் இன்னொன்று. ஒரே ஹாஜர் புத்தகத்தில் நாள் சேர்வதில்லை. வருடம் முழுக்க உழைத்தும் எந்த இடத்திலும் அவர் பேரில் விடுப்பு ஏறவில்லை. நம்மாட்கள் லீவே எடுப்பதில்லை என்று பெருமை பேசுகிறோமே, அதில் பாதி இதுதான். எடுத்தால் அன்றைய கூலி இல்லை.

16 செப்டம்பர்

நோக்குக்கூலியை மறைக்கிறேன் என்று குற்றச்சாட்டு. மறைக்கவில்லை. அது அநியாயம், சட்டவிரோதம். வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கேரளாவில் 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சட்டம் வந்தது. அதற்கு முன் சுமை இறக்குபவருக்கு நிலையான கூலியும் இல்லை, வயதானால் நாதியும் இல்லை. சட்டம் பதிவு, அட்டை, நல நிதி எல்லாம் கொடுத்தது. ஒரு பகுதியில் பதிவானவர்களுக்கே அங்கே வேலை என்ற முன்னுரிமையை, கிரேனும் டிப்பரும் வந்தபிறகு "எங்கள் வேலை போச்சு, கூலியைக் கொடு" என்று சிலர் திருப்பிக்கொண்டார்கள். 2018 மே 1 முதல் அரசு அதை முழுவதுமாகத் தடை செய்தது.

எல்லை தாண்டிச் சரக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: வீட்டுச் சாமானை வீட்டுக்காரரே தன் ஆட்களை வைத்து இறக்கிக்கொள்ளலாம். கடைக்கு என்றால், நிரந்தர ஆட்களையே சுமை இறக்குபவர்களாகத் தொழிலாளர் துறையில் பதிவு செய்ய விதி 26-ஏ இருக்கிறது, அதைச் செய்து அட்டையைக் கையில் வைத்திருங்கள். பதிவு பெற்றவர்களை வைத்து இறக்கினால் பொருள்வாரியான கூலிப் பட்டியலை லாரி வரும் முன்பே கேட்டு வாங்குங்கள். லாரி வந்து நின்றபிறகு பேரம் பேசினால் வண்டி வாடகை ஏறிக்கொண்டே போகும், பயத்தில் கொடுத்துவிடுவீர்கள். மிரட்டல் வந்தால் மாவட்டத் தொழிலாளர் அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

ஹர்த்தாலும் அப்படியே. 1997இல் கேரள உயர் நீதிமன்றம் 'பந்த்' என்ற முழு அடைப்பைச் சட்டவிரோதம் என்றது. பேர் மாறி ஹர்த்தால் ஆனது. 2019 ஜனவரியில் ஏழு நாள் முன்னறிவிப்பு கட்டாயம் என்று உத்தரவு. முன்னறிவிப்பு இல்லாத ஹர்த்தாலில் அடிபடுவது ஜீப்பில் போகும் பெண்கள். ஆறு மணிக்கு வந்து நின்று, வண்டி போகாது என்று தெரிந்து, கட்டிய சோற்றோடு வீடு திரும்புவார்கள். அந்த நாள் கூலி திரும்ப வராது. இந்தக் கோபத்தில் உங்களோடு நானும் நிற்கிறேன்.

18 செப்டம்பர்

"போராட்டமே மலையாளி வியாதி" என்றவருக்கு: 2015 செப்டம்பரில் மூணாறை ஒன்பது நாள் நிறுத்தியவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்கள் அமைப்பின் பேர் பெண்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை. நாள்கூலி 232 ரூபாய், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனது. எந்தச் சங்கத் தலைவரையும் பக்கத்தில் விடாமல் தெருவில் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் தேயிலைக்கு 301, ஏலக்காய்த் தோட்டத்துக்கு 330 என்று கூலி ஏறியது. கூடவே நாளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 ஆனது. இந்தக் கடைசி வரியைச் செய்தியில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. மழைக்குப் பின் கொழுந்து பொங்கும் மாதங்களில் 25 ஒன்றுமே இல்லை. பனியிலும் வறட்சியிலும் செடியில் இருந்தால்தானே பறிக்க முடியும்? அந்த மாதம் 18 கிலோவோடு எடைக்கு வருபவரை எண் சோம்பேறி என்று காட்டும்.

18 செப்டம்பர், இன்னும் ஒன்று

ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்கள் உட்காரலாம் என்று கேரளா 2018இல் சட்டத்தைத் திருத்தியது, தமிழ்நாடு 2021இல். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டது. நேரத்தைப் பற்றிய சண்டை எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு.

22 செப்டம்பர்

இப்போது ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்து ஆட்கள் ஏலத்தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறார்கள். உடனே பேச்சு மாறிவிட்டது: "வடக்கே இருந்து வர்றவன் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்வான், தமிழ் ஆளுக்கு மூணு மணிக்கே ஜீப் ஏறணும்." தம்பி, கேள்வியில் நீங்கள் மலையாளியைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம், இப்போது உங்கள் அம்மாவையும் அக்காவையும் பற்றி. தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) தங்குகிறவருக்குப் பயணம் இல்லை, பக்கத்தில் குடும்பம் இல்லை, ஞாயிறு அன்று போக இடமும் இல்லை. பத்து வருடம் கழித்து அவர் பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போனால் அவரும் ஞாயிறு வேண்டும் என்பார்.

29 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருந்தார். அவர் அம்மா பதினாறு வருடமாகக் காய் எடுக்கிறாராம். எடை தினமும் ஒரு கிலோ குறைவாக வருவதாகச் சொல்கிறாராம், என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

காலையில் வெறும் சாக்கை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாச் சாக்குக்கும் ஒரே கழிவு போட்டால், லேசான சாக்கு வைத்திருப்பவருக்கு நஷ்டம். மழை நாளில் ஈரக்காய்க்கு என்று தனியாகக் கழிப்பார்கள். எவ்வளவு என்பதை எடுப்பு தொடங்கும் அன்றே பேச வேண்டும், எடைத் தட்டின் முன் நின்று அல்ல. தொங்கும் தராசு என்றால் சாக்கு தரையில் படாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். மின்தராசு என்றால் சாக்கு ஏறும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். எடையை எழுதும்போது அரைக் கிலோவைத் தள்ளி முழு எண்ணாக எழுதுகிறார்களா என்றும் கேளுங்கள். தினமும் அரைக் கிலோ போனால் எடுப்பு முடியும்போது அது ஒரு நாள் கூலி.

ஒரு சின்ன நோட்டு போதும்: தேதி, தோட்டம், ஜீப் ஏறிய நேரம், இறங்கிய நேரம், எடை, கூலி. அம்மாவுக்கு எழுத வராவிட்டால் ராத்திரி வந்ததும் நீங்கள் கேட்டு எழுதுங்கள். இந்த எடுப்பு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முடிந்ததும் அந்த எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.